செங்கோடன் வண்டி நின்ற இடம்

சொந்த வீட்டு வாசலைத் தாண்டி நித்தமும் போய்வந்தும் உள்ளே கால் வைக்க முடியாதவன் செங்கோடன். அவனுடைய சாளை சேலம் நாமக்கல் சாலையில், புதுச்சத்திரத்துக்குத் தெற்கே, ரோட்டின் கீழ்ப்புறம் இருந்தது. பனையோலைக் கூரை, மண் சுவர், வாசலுக்கும் சாலைக்கும் நடுவே ஒரு வரிசை ஆமணக்குச் செடி. லாரி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து பார்த்தால் கதவு திறந்திருக்கிறதா இல்லையா என்று தெரியும். திறந்திருந்தால் உள்ளே விரித்த பாயின் ஒரு முனையும் தெரியும். அந்தப் பாயில் அவன் மனைவி பழனியம்மாள் படுத்திருந்தாள். வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் அவள் வாயில் ஒரு மடக்குக் கஞ்சி ஊற்ற அவனுக்கு உத்தரவு இல்லை.

செங்கோடன் எருமப்பட்டிப் பக்கத்தில் ஒரு பண்ணையாளின் மகன். மேட்டூரில் அணை கட்டியபோது கல் சுமக்கப் போனவன், கல் ஏற்றிய லாரியில் கிளீனராகி, அணை வேலை முடிவதற்குள் லைசென்ஸும் வாங்கிவிட்டான். ஊர் திரும்பியபோது அவன் கையில் ஒரு தகரப் பெட்டியும், நெஞ்சில் அணைக்கட்டுத் தூசியால் வந்த இருமலும் இருந்தன. நாமக்கல்லில் மூன்று லாரி வைத்திருந்த தங்கசாமி முதலாளியின் ஷெட்டில் சேர்ந்தான். பழனியம்மாளைக் கட்டினான். பிறந்த குழந்தைகள் இரண்டும் தங்கவில்லை. ரோட்டோரத்தில் சாளை போட்டது அவள் யோசனைதான். "போறப்பவும் வாரப்பவும் எறங்கி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போலாமில்லீங்க" என்று சொல்லித்தான் அந்த இடத்தைக் கேட்டு வாங்க வைத்தாள். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது.

அதற்கு நடுவே யுத்தம் வந்தது. பெட்ரோல் சீட்டுக்குத்தான் கிடைத்தது, அதுவும் டாக்டர் வண்டிக்கும் சர்க்கார் வண்டிக்கும் போக மிச்சம்தான். லாரிகளின் பக்கவாட்டில் பீப்பாய் போன்ற இரும்பு உலை ஒன்றைப் பொருத்தி, அதில் கரி போட்டு மூட்டி, கரியில் வருகிற வாயுவைக் குழாய் வழியாக எஞ்சினுக்கு விட்டார்கள். கரி கேஸ் வண்டி என்று பெயர். பெட்ரோலில் ஓடியபோது குதிரையாக இருந்தது கரியில் கிழட்டு எருமை ஆயிற்று. மேடு ஏறாது. வழியில் நிறுத்தித் தீயைக் கிளற வேண்டும், சாம்பலைத் தள்ள வேண்டும், குழாய் மூட்டில் புகை கசிந்தால் களிமண் குழைத்து அப்ப வேண்டும். கிளீனர்கள் பாதிப்பேர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் இதையெல்லாம் டிரைவரே செய்தான்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வெள்ளைக்காரர் சாமான்களை ஏலம் விட்டுவிட்டுக் கப்பலேறினார். தங்கசாமி முதலாளி நல்ல டயர் கிடைக்குமா என்று போனவர், டயர் கிடைக்காமல் மூன்று இரும்புப் பெட்டிகளோடு வந்தார். ஒவ்வொன்றும் வெற்றிலைப் பெட்டி அளவு. உள்ளே கடிகாரம். கடிகாரத்தின் மேல் மெழுகு பூசிய வட்டத் தாள் ஒன்று சுற்றும். தாளின் மேல் ஓர் ஊசி. வண்டி ஓடிக் குலுங்கினால் ஊசி ஆடி அகலமாகக் கீறும். வண்டி நின்றால் ஆடாது, மயிரிழைக் கோடுதான் விழும். எஞ்சின் உறுமிக்கொண்டே நின்றாலும் அதை ஏமாற்ற முடியாது. சக்கரம் உருள வேண்டும். முதலாளி அதைச் சரக்கு ஏற்றும் பகுதியின் முன்பலகையில், ஆள் கை படாத இடத்தில் முறுக்கிப் பூட்டினார். சாவி அவர் அரைஞாணில்.

இரண்டாவது லாரியின் டிரைவர் ராசு, இருபத்தைந்து இருபத்தாறு வயசுக்காரன், வாய்த்துடுக்கு. பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "செங்கோடண்ணா, இது சித்திரகுப்தனாட்ட இருக்குது" என்றான். "அவனாவது செத்த பொறவுதான் கணக்குக் கேப்பான். இவன் ஷெட்டுக்கு வந்தவொடனே கேப்பானாட்ட இருக்குதே!"

அப்படித்தான் ஆயிற்று. வண்டி ஷெட்டுக்குள் வந்ததும் முதலாளி பெட்டியைத் திறந்து தாளை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். வண்டி நின்று தாளில் கீறல் மெலிந்த இடத்துக்கு 'வெள்ளை' என்று பெயர் வைத்தார்.

"இந்த வெள்ளை எதுக்குடா?"

"சேலத்துல ரயில் கேட்டு சாத்தியிருந்துச்சுங்க."

"இது?"

"ஒண்ணுக்குப் போனனுங்க முதலாளி."

"ஒண்ணுக்குப் போனதுக்கு இத்தன அகலமா? காவேரிக்கு நீதான் தண்ணி உட்டயா?"

நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். கேட்கப்பட்டவனும் சிரிக்க வேண்டும். மல்லூரில் தீக் கிளற ஒரு வெள்ளை மட்டும் அனுமதி. அதற்கு மேல் விழுந்தால் அடுத்த நடை கிடையாது, வண்டி வேறு ஆள் கைக்குப் போகும். ராசு ஒரு தடவை நின்ற நேரத்தில் பெட்டி இருந்த பலகையைக் கல்லால் தட்டிப் பார்த்தான். அது தாளில் குத்துக் குத்தாக விழுந்தது. முதலாளி கண்டுபிடித்து ஒரு வாரம் அவனை ஷெட்டில் சும்மா உட்கார வைத்தார். "ரோட்டுக் கீறலு வேற, கல்லுக் கீறலு வேறடா. எனக்குத் தெரியாதா?" என்றார். அதற்குப் பிறகு யாரும் பெட்டியைத் தொடவில்லை.

ஆடி மாதம் பழனியம்மாளுக்கு முறைக்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். கட்டில் இருந்தால் கட்டிலே ஆடும், பாயாக இருந்ததால் தரையில் பல் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வயிறு கட்டிக் கால் வீங்கியது. பானையில் தண்ணீர் மொள்ள எழுந்தால் கீழே சாய்ந்தாள். அடுத்த சாளை ஆராயி நல்லவள்; ஆனால் அவள் விடிந்ததும் களைக்கொட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள். நடுப்பகல் முழுக்கப் பழனியம்மாள் தனியாகக் கிடந்தாள். காய்ச்சலும் நடுப்பகலில்தான் வந்தது.

செங்கோடன் முதலாளியிடம் போய் நின்றான். "என்ற ஊடு ரோட்டு மேலயே இருக்குதுங்க. போறப்ப ஒரு வெள்ளை உழுந்தா மன்னிச்சுக்கோணுங்க. ஒரு வாய் கஞ்சி ஊத்திப்போட்டு ஓடியாந்துருவன்."

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்தார். "உனக்கு ஒண்ணு உட்டா ராசு மாமியாரு ஊட்டுக்கு ஒண்ணு கேப்பான். மூணாவது வண்டிச் செல்லமுத்து காப்பிக்கடைக்கு ஒண்ணு கேப்பான். ஊடு ரோட்டு மேலதான இருக்குது? போறப்ப வாரப்ப நல்லாப் பாத்துக்க" என்றார். வண்டியில் இருந்தபடியே என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஆகவே செங்கோடன் பார்த்துக்கொண்டான். சாளை கண்ணில் படும்போதே வண்டியைத் தளர்த்துவான், நிறுத்தமாட்டான். ரப்பர் ஆரனை இரண்டு தரம் அமுக்குவான். முதலில் சில நாள் பழனியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். பிறகு கதவுக்கு வெளியே ஒரு கை மட்டும் வந்தது. ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்த பிறகு காய்ச்சல் மருந்தான கொயினா கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. சேலத்துத் தபாலாபீசில் காத்துக் கிடந்து வாங்கிய ஒரு பொட்டலத்தை அவன் துணியில் முடிந்து, ஓடுகிற வண்டியில் இருந்து வாசலைப் பார்த்து வீசினான். அது ஆமணக்குச் செடியில் பட்டுப் பள்ளத்தில் விழுந்தது. பள்ளத்தில் முந்தின நாள் மழைத் தண்ணீர். மறுநாள் அந்த வழியே வரும்போது, ஆராயி ரோட்டோரம் நின்று வெறும் துணியை உதறிக் காட்டினாள்.

ஆவணியில் முதலாளிக்கு ஒரு புதுக் குத்தகை வந்தது. திருச்சி ராணுவ முகாமுக்கு ஆடு வேண்டும். மேச்சேரிச் சந்தையில் வாங்குகிற செம்மறிகளை நாமக்கல் பட்டிக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பழைய கை என்பதால் அந்த நடை செங்கோடனுக்கு விழுந்தது. ஆடுகளோடு மேச்சேரிக்காரர் சின்னான் என்பவர் பின்னால் நின்று வருவார். கம்பளியும் தடியும் தவிர அவரிடம் வேறு சாமான் கிடையாது. மனிதரை விட ஆட்டிடம் அதிகம் பேசுகிறவர்.

முதல் ஆட்டு நடையிலேயே, மல்லூர் தாண்டியதும் எஞ்சின் திணறி நின்றது. வாயுவை வடிகட்டுகிற தகரம் அடைத்துவிட்டது. செங்கோடன் கழற்றித் தட்டி, ஊதி, மறுபடி மாட்டி, உலைக்குக் காற்றடிக்கும் கைச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தோள் கழன்று ஓய்ந்தான். வெயில் சாய்ந்துவிட்டது. "போச்சு சாமி. என்ற நடை போச்சு" என்று அவன் சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். ஆடுகள் மேலே ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு கத்தின.

கடைசியில் ஒருவழியாக எஞ்சின் பிடித்து வண்டி ஷெட்டுக்கு வந்ததும் முதலாளி தாளை எடுத்தார். பூதக்கண்ணாடியை வைத்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"ஏண்டா, எங்கயுமே நிக்கலியா?"

செங்கோடன் கிட்டே போனான். அவர் காட்டிய தாளைப் பார்த்தான். மேச்சேரியில் இருந்து நாமக்கல் வரை ஒரே அகலமான கீறல். வெள்ளையே இல்லை.

"தீக்கூடக் கெளறாம வந்திருக்கயே, கெட்டிக்காரண்டா!" என்று முதலாளி முதுகில் தட்டினார்.

அவன் வெளியே வந்து சின்னானைத் தேடிப் பிடித்தான். சின்னான் பட்டி வாசலில் கடைசி ஆட்டை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"இதென்னப்பா அதிசயம்? வண்டி ஓடறப்ப ஆடு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சுக்கிட்டுச் சும்மா நிக்கும். நின்னாத்தான் அதுகளுக்குப் பொறுக்காது. எறங்கோணும், எறங்கோணும்னு முன்பலகைய முட்டும், மேல ஏறும், உளும். மலையாட்டம் வண்டியவே ஆட்டிப்போடுமே! உன்ற பெட்டியும் அந்தப் பலகையிலதான இருக்குது?"

செங்கோடன் அன்று நெடுநேரம் வண்டியின் முன்பலகையைத் தடவிக்கொண்டு நின்றான்.

அடுத்த சந்தை நாளில் சாளைக்கு முன்னால் லாரி நின்றது. ஆடுகள் கத்தத் தொடங்கின. பழனியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலில் புருஷன் நிற்பதைக் கண்டு பயந்தாள்.

"ஏனுங்க, வண்டி கெட்டுப்போச்சா?"

"இல்ல புள்ள."

"அப்பறம் நிறுத்திப்போட்டு வந்திருக்கீங்களே, முதலாளி வைவாருங்களே."

"வண்டி நிக்கல புள்ள. ஓடிட்டு இருக்குது. கேளு, எப்பிடி ஓடுதுன்னு!"

லாரி கிறீச் கிறீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது. அவன் அடுப்பு மூட்டிக் கம்பங்கஞ்சி காய்ச்சி, அவளை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து ஊட்டினான். கையோடு கொண்டுவந்த கொயினாவைக் கொடுத்தான். தலைமாட்டில் தண்ணீர்ப் பானையை நகர்த்தி வைத்தான். வேர்வையில் நனைந்த சேலையை மாற்றிவிட்டு, அதைப் பிழிந்து ஆமணக்கின் மேல் போட்டான். சின்னான் வண்டிக்குள் இருந்து, "ஏப்பா, போதும் வா! என்ற குட்டிகளுக்குக் கொம்பு தேஞ்சுபோச்சு!" என்று கூப்பிட்டபோதுதான் எழுந்தான். பழனியம்மாள் அப்போது சிரித்தாள். ஆடி மாதத்துக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

அதன் பின் அவர்கள் இருவரும் சந்தை நாளை வைத்துத்தான் பிழைத்தார்கள். கடலை மூட்டை ஏற்றிச் சேலம் போகிற நாட்களில் அவன் ஆரனை அமுக்கிக்கொண்டு தாண்டிப் போவான். கடலைக்கு ஏது அசைவு? ஆட்டு நாளில் தூரத்தில் ஆடுகளின் சத்தம் கேட்டதுமே அவள் பாயில் எழுந்து உட்கார முயல்வாள். கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. காய்ச்சல் தள்ளித் தள்ளி வந்தது.

புரட்டாசியில் ஒருநாள் செங்கோடன் ஷெட்டுக்குள் நுழைந்தபோது மூன்று டிரைவர்களும் அங்கே இருக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார். சுவரில், எல்லார் கண்ணுக்கும் படுகிற உயரத்தில், செங்கோடனின் ஆட்டு நடைத் தாள் ஒன்று ஆணியில் அறையப்பட்டிருந்தது.

"பாத்துக்கங்கடா" என்றார் முதலாளி. "உசுருள்ள லோடு. மேச்சேரியில இருந்து. ஒரு வெள்ளை இல்ல. கடலை மூட்டைய வெச்சுக்கிட்டு நீங்க மல்லூர்ல எதுக்கு நிக்கோணும்? கரிய வாய் வரைக்கும் ரொப்பிக்கிட்டுக் கெளம்புங்க. நாளையில இருந்து மல்லூரு வெள்ளையும் கெடையாது. செங்கோடனுக்கும் உங்களுக்கும் ரெண்டு கைதான?"

மூன்றாவது டிரைவர் செல்லமுத்து தரையைப் பார்த்துக் காறித் துப்பினான். ராசு தாளையும் செங்கோடனையும் மாறி மாறிப் பார்த்தான். வெளியே வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணா, நெசமாவே எங்கயும் நிக்கலீங்ளா? சாம்பலு அடைக்காதா?"

அந்த இடத்தில் செங்கோடன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ராசு வாயில் நிற்காது, அன்று மாலையே முதலாளி காதுக்குப் போகும். ஆட்டு நடை போய்விடும். பாயில் எழுந்து உட்கார முயல்கிற பழனியம்மாள் அவன் கண்ணில் வந்தாள்.

"மெதுவா, ஒரே சீரா ஓட்டுனா நிக்க வேண்டியதில்லப்பா" என்றான்.

ராசு அதைப் பெரியவன் சொல்லாக எடுத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து மூன்று வண்டிகளும் நிற்காமல் ஓடின. கடலை நாட்களில் செங்கோடனும் ஓடினான். தீ மங்கி, எஞ்சின் இழுக்காமல், நடந்து போகிறவர்கள் வண்டியைத் தாண்டிப் போனார்கள். மூட்டில் கசிகிற புகை முகத்துக்கு நேராக வந்தது. ஷெட்டில் இறங்கும்போது தலை இடிக்கும், குமட்டும். செல்லமுத்து சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பான். ராசு மட்டும், "செங்கோடண்ணனால முடியுதுல்ல?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த நடைக்குக் கரி ரொப்புவான்.

ஐப்பசி மழையில் ராசு கடலை ஏற்றிக்கொண்டு சேலம் போனான். மழைச்சாரலுக்காக இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிக் கட்டியிருந்தான். குழாய் மூட்டில் அப்பிய களிமண் மழையில் கரைந்தது. நிறுத்தி இறங்கி ஒரு பிடி மண் அப்பினால் தீர்ந்திருக்கும். அவன் நிறுத்தவில்லை. புகை படுதாவுக்குள் சேர்ந்தது. மல்லூருக்கு இந்தப்பக்கம் வண்டி ரோட்டை விட்டு மெல்ல இறங்கி, ஏரிக்கரைச் சரிவில் ஒரு வேலமரத்தை முட்டி நின்றது. ஓடி வந்தவர்கள் ராசுவை இழுத்துப் போட்டபோது உடம்பில் ஒரு காயம் இல்லை. முகம் மட்டும் வெற்றிலை போட்டவன் வாய் போலச் சிவந்திருந்தது. மூச்சு இருந்தது.

முதலாளி அந்த வண்டியின் பெட்டியையும் திறந்து பார்த்தார். "மரத்துல முட்டற வரைக்கும் நிக்கலடா பாவி" என்றார். அவர் கண் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் அதைச் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாகச் செங்கோடனுக்குப் பட்டது.

சேலம் ஆஸ்பத்திரியில் ராசு கண் விழித்தான். மனைவி மயிலம்மாளை அடையாளம் தெரிந்தது. சோறு என்றால் சோறு என்று தெரிந்தது. செங்கோடனைப் பார்த்து, "ஆருங்க?" என்றான். கையில் கரண்டியைக் கொடுத்தால் அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று திருப்பித் திருப்பிப் பார்த்தான். டாக்டர், கேஸ் மூளையில் ஏறிவிட்டது, போகப் போகத்தான் தெரியும் என்றார்.

செங்கோடன் மயிலம்மாளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். ஆட்டைச் சொன்னான், பெட்டியைச் சொன்னான், தன் வீட்டைச் சொன்னான். ராசு கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. மயிலம்மாள் சின்னப் பெண். அவள் அழவில்லை.

"நீங்க நிக்கறதுக்காவ அவரு நிக்காமப் போனாருங்களா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க" என்றான் அவன்.

"என்கிட்டச் சொல்லி என்னங்க ஆவப்போவுது? அந்தக் காயிதம் இன்னும் செவுத்துலதான இருக்குது? அதைப் பாத்து நாளைக்கு இன்னொருத்தன் போவான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஆட்டு நடையில் சாளைக்கு முன்னால் அவன் வழக்கம்போல் நின்றான். அன்று பழனியம்மாளுக்குக் காய்ச்சல் இல்லை. இரண்டு மடக்கு அதிகமாகக் குடித்தாள். "அடுத்த சந்தைக்குள்ள நானே எந்திரிச்சு அடுப்புப் பத்த வெச்சிருவனுங்க" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். போர்வையை அவள் கழுத்து வரை இழுத்து விட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டி ஏறினான்.

நாமக்கல் ஷெட்டில் சின்னான் பின்பலகையைத் திறக்கப் போனபோது தடுத்தான். "ஆட்டை எறக்க வேண்டாங்க. முதலாளி, ஒரு புதுத் தாளு வையுங்க."

"எதுக்குடா?"

"வையுங்க. வெச்சிட்டு வெளிய கட்டில்ல உக்காந்து ஒரு வெத்தலை போட்டுக்கங்க."

முதலாளிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, பூட்டைத் திறந்து புதுத் தாள் வைத்துப் பூட்டினார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. உலையில் தீ அவிந்துகொண்டிருந்தது. ஆடுகள் இறங்குவதற்கு முண்டின, பலகையை முட்டின, ஒன்றன் மேல் ஒன்று ஏறி விழுந்தன. ஷெட்டில் இருந்த எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலாளி வெற்றிலையை மென்று துப்பியதும் பெட்டியைத் திறந்தார்.

தாளில் மேச்சேரி ரோடு போல அகலமாகக் கீறல் விழுந்திருந்தது.

அவர் அதைக் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த தாளோடு சேர்த்துப் பிடித்தார். இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஆணியைப் பிடுங்கிச் சுவர்த் தாளை எடுத்து மடித்தார்.

"எங்கடா நின்னே?"

"என்ற ஊட்டுலங்க. பொண்டாட்டிக்குக் கஞ்சி ஊத்தறதுக்குங்க."

"ஒவ்வொரு நடையுமா?"

"ஆமாங்க."

"ராசுவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவன் கேட்டான். நானு பொய் சொல்லிப்போட்டனுங்க."

செல்லமுத்து பின்னால் இருந்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். செங்கோடன் திரும்பவில்லை.

முதலாளி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவருக்கே வயசு கூடிப் போனது போல் இருந்தது. "மல்லூரு வெள்ளை பழையபடி இருக்கட்டும்" என்றார் மற்றவர்களிடம். "மூட்டுக்கு மண்ணு அப்பறதுக்கு எங்க வேணும்னாலும் நில்லுங்க. வந்து சொல்லுங்க." பிறகு செங்கோடனைப் பார்த்தார். "உன்னைய இப்பவே வெளிய அனுப்போணும். லைசென்ஸ் உள்ள ஆளு பூராப் பட்டாளத்துல இருக்கறானுக, அதனால உடறேன். ஆட்டு நடை இனிச் செல்லமுத்துக்கு. நீ கடலை ஓட்டு. உன்ற தாளுல மல்லூரு வெள்ளை தவிர இன்னொண்ணு உழுந்துச்சு, எம்மூஞ்சியில முழிக்காத. வண்டிச் சாவிய ஆணியில மாட்டிப்போட்டுப் போயிரு."

சின்னான் ஆடுகளை இறக்கினார். செங்கோடனைக் கடக்கும்போது அவன் தோளைத் தொடப் போனவர், என்ன நினைத்தாரோ, தொடாமல் போய்விட்டார்.

அதற்குப் பின் வந்த நாட்கள்தான் அவன் வாழ்நாளிலேயே கொடுமையானவை. மல்லூரில் நின்று தீக் கிளறுவான். அங்கிருந்து சாளை வெகுதூரம். சாளைக்கு முன்னால் ஆரனை அமுக்குவான். கை வெளியே வராது. சந்தை நாளில் செல்லமுத்து ஆடுகளோடு அதே ரோட்டில் போனான், நிற்கவில்லை. ஆடுகளின் சத்தம் கேட்டுப் பழனியம்மாள் எழுந்து உட்கார்ந்ததாகவும், சத்தம் நிற்காமல் தெற்கே போய்த் தேய்ந்ததும் அப்படியே சரிந்ததாகவும் ஆராயி பிறகு சொன்னாள். ஷெட்டில் அவனோடு யாரும் பேசுவதில்லை. அவன் மூட்டைகளைத் தானே ஏற்றி, தானே இறக்கினான்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒருநாள், கடலை ஏற்றிச் சேலம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தான். நல்ல வெயில். சாளைக்கு முன்னால் ஆராயி நடு ரோட்டில் நின்று இரண்டு கைகளையும் வீசினாள். அவள் காட்டுக்குப் போகாமல் இருக்கிறாள் என்பதே போதுமானதாக இருந்தது. செங்கோடன் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. மூட்டைகள் அசையவில்லை. ஒரு நிமிஷம் முன்பலகையின் பக்கம் காது கொடுத்தான். ஒன்றும் கேட்கவில்லை, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

"காத்தாலயிருந்து நடுங்கிட்டே கெடக்குது சாமி. தண்ணி எறங்கமாட்டேங்குது" என்றாள் ஆராயி.

உள்ளே பழனியம்மாளின் கண் பாதி திறந்திருந்தது. நடுக்கம் நின்றுபோயிருந்தது. அவள் தலையை அவன் தூக்கித் தன் மடியில் வைத்தான். உடம்பு உலை போல் கொதித்தது.

"புள்ள. பழனீ. நாந்தான்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. காதைக் கொடுத்து எதையோ தேடினாள்.

"ஆட்டுச் சத்தத்தைக் காணமே" என்றாள்.

"இன்னிக்கு ஆடு இல்ல புள்ள."

"அப்பறம் எப்பிடிங்க நின்னீங்க?"

"நின்னுட்டேன்."

அவள் புரிந்துகொண்டாளா என்று தெரியவில்லை. அவனுடைய விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். ஆராயி வெந்நீர் கொண்டுவந்தாள். அவன் துணியை நனைத்து அவள் உதட்டில் வைத்தான். ஒரு சொட்டு இறங்கியது. மறுபடி நனைத்து வைத்தான். அவசரப்படவில்லை. வெளியே லாரியின் உலையில் கரி சிவந்து, மங்கி, சாம்பல் மூடிக்கொண்டு வந்தது. போய் ஒரு தரம் கிளறினால் போதும். ஆராயி அதைப் பார்த்துவிட்டு, "வண்டித் தீ அவியுது சாமி" என்றாள்.

"அவியட்டுங்க" என்றான் செங்கோடன்.

பழனியம்மாள் பொழுது சாயும் வரை அவன் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பிடி தளர்ந்தது. அப்புறமும் அவன் விரலை எடுக்கவில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து, குளித்த ஈரத்துணியோடு அவன் உலையை மூட்டி வண்டியைச் சேலம் கொண்டுபோய்க் கடலையை இறக்கினான். திரும்பி நாமக்கல் வந்து சாவியை ஆணியில் மாட்டினான். முதலாளி தாளை எடுத்துப் பார்த்தார். முக்கால் வட்டத்துக்கு மேல் மயிரிழைக் கோடு. அவர் தலையை நிமிர்த்தி எதையோ கேட்க வாயெடுத்தபோது, செங்கோடன் ஷெட்டைத் தாண்டி ரோட்டில் நடந்துகொண்டிருந்தான்.